தொட்டியிலிருந்த பதினோரு மீன்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால், கோவை கணபதியில் சுப்பாத்தாள் வீட்டுக்குள் முட்டை போட்ட கேக் கூட நுழைய முடியாது. அப்படிப்பட்ட வீட்டின் பொறக்கடைத் தொட்டியில்தான், மாதம் பிறந்த முதல் வாரமே, கொசு ஒழிப்புப் பணியாளர் பூஜிதா பதினோரு குட்டி மீன்களை விட்டாள்.

"கொசுப்புழுவத் தின்னுபோடுமுங்க. எடுத்துராதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சுப்பாத்தாளும் தலையாட்டினாள். ஆட்டிய தலை நிற்பதற்குள் மாவுச் சல்லடையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். பெருமாள் விளக்கைக் கழுவுவது அந்தத் தண்ணீரில் அல்லவா? பதினொன்றையும் வடித்தெடுத்து, பக்கத்து வீட்டு ரம்ஷாவைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டாள்.

"இந்தா கண்ணு, பாட்டில்ல போட்டு வளத்துக்கோ."

எட்டு வயது ரம்ஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுப்பாத்தாளுக்கோ புண்ணியம் சேர்ந்த திருப்தி.

ஐப்பசியில் ரம்ஷாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா. காரணம் சுப்பாத்தாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாத காரணம் ஏது? ரம்ஷாவின் அப்பா முஸ்தபாவின் லேத் பட்டறை வாசலில் கிடந்த நாலு டயரைப் படம் பிடித்து, வீதி வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'இப்படி வெச்சிருந்தா காய்ச்சல் வராம என்ன வரும்?' பதினேழு பேர் கைகூப்பினார்கள்.

மறுநாள் பூஜிதா வந்தபோது சுப்பாத்தாள்தான் முன்னால் நின்று டயரைக் காட்டினாள்.

"டயர்ல வர்றது பெரும்பாலும் டெங்கு கொசுங்க. அதையும் எடுக்கோணும். ஆனா மலேரியாக் கொசுவுக்குத் தொட்டி, டேங்க்குன்னு நல்ல தண்ணியாப் பாத்து வேணுமுங்க" என்றபடி பூஜிதா குழந்தையைப் பார்க்க உள்ளே போனாள். வேடிக்கையை விடுவாளா சுப்பாத்தாள்? பின்னாலேயே போனாள்.

ஜன்னலோரம் கண்ணாடி பாட்டில்.

"இது நான் விட்ட மீனாச்சே! எந்தத் தொட்டியில புடிச்சீங்க?"

கட்டிலில் கிடந்த ரம்ஷா வாயைத் திறந்தாள். முஸ்தபா அவள் நெற்றியில் மெல்லக் கைவைத்தார். "நாந்தானுங்க எங்கியோ புடிச்சுட்டு வந்தேன். தப்புத்தானுங்க."

"ஏனுங்க, கொழந்தைய வெச்சுக்கிட்டு இப்படியா பண்ணுவீங்க?" பூஜிதா விளாசினாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். சுப்பாத்தாள் பக்கம் ஒரு தடவை திரும்பியிருந்தால்கூடத் தேவலாம். திரும்பவேயில்லை.

நாளெல்லாம் ஓயாத சுப்பாத்தாளின் வாய் இப்போது மெல்லத் திறந்தது.

"என் தொட்டிதானுங்க. நாந்தான் சல்லடை போட்டு எடுத்தேன். புரட்டாசி பாருங்க, அதுதான்..."

பூஜிதா நேராகச் சுப்பாத்தாள் வீட்டுத் தொட்டிக்குப் போய்க் கரண்டியால் மொண்டு காட்டினாள். அடி தெரியும் தெளிந்த தண்ணீர். மேலே உமிபோல் படுத்து நெளிந்தன புழுக்கள்.

சுப்பாத்தாள் பாட்டிலை வாங்கப் போனபோது ரம்ஷா கேட்டாள்: "பெரிம்மா, மீனத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"ஆமாங் கண்ணு." மீதி ஏழுதான் இருந்தது.

தொட்டியில் விடுமுன் மீன் பாட்டிலைப் படம் பிடித்தாள். குழுவில் போட்ட டயர் படத்தை அழித்துவிடலாம்தான். விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அழிக்காமல் அதன் கீழேயே போட்டாள்: 'இது என் தொட்டி மீன். எடுத்தது நான். காய்ச்சலுக்குக் காரணம் டயர் இல்லை.'

இந்தத் தடவை யாரும் கைகூப்பவில்லை. வெகுநேரம் கழித்து முஸ்தபா மட்டும் எழுதினார்: 'டயரையும் எடுத்துப்போட்டேனுங்கக்கா.'

சுப்பாத்தாள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.