இம்புட்டுச் சீக்கிரம் சம்மதிக்காத

எங்கள் மாடியில் குடியிருக்கும் சிவனாண்டி அண்ணனைத் தமிழ்நாட்டுக்கே தெரியும், அவர் வாயைத் திறக்காதவரைக்கும்.

வில்லாபுரத்தில் அவர் பால் வாங்கப் போனால் நாலு பேர் செல்ஃபி எடுப்பார்கள். எத்தனையோ படங்களில் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போன மீசை அது, சும்மா விடுவார்களா? எடுத்து முடித்ததும், அந்த டயலாக்கை ஒரு தடவை சொல்லுங்கண்ணே என்பார்கள். அண்ணன் சொல்வார். கேட்டவர்கள் முகத்தில் ஒரு சந்தேகம் வரும், ஆதார் அட்டையைக் காட்டச் சொல்லலாமா என்பதுபோல. சினிமாவில் கேட்கிற இடிக்குரல் அவருடையது இல்லை. அது சென்னையில் யாரோ ஒரு ஒல்லி மனிதருடையது. அண்ணனின் சொந்தக் குரல் மெல்லிசு. பாடுகிறவனின் குரல்.

இதற்குக் காரணம் அவர் வளர்ந்த விதம். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், அதாவது கதாநாயகன் வேஷம் கட்டியவர். அந்த நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது. ஊர்க் கமிட்டிக்காரர்கள் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசிக் கூட்டிவருவார்கள். நாயகனும் நாயகியும் பெரும்பாலும் மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். தினைக்காட்டில் கிளி விரட்டும் பெண்ணிடம், சாமி வேடனாக வந்து கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்கிறார். அவள் கேள்வி கேட்பாள், அவர் பதில் சொல்வார். அதற்குத் தர்க்கம் என்று பெயர். அவள் என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியாது. தான் என்ன சொல்லப்போகிறோம் என்றும் அவருக்குத் தெரியாது. இப்படிப் பழகினவரை டப்பிங் அறையில் நிறுத்தி, போன மாதம் பேசியதையே திரும்பப் பேசு என்றால்? திரையில் உதடு ஒன்று சொல்லும், இவர் அதைவிட நல்லதாக வேறொன்று சொல்வார். டைரக்டர்கள் குரலை மாற்றினார்கள். அண்ணன் குடிக்க ஆரம்பித்தார். ஒரு வெற்றி விழாவில், உங்கள் குரல்தான் படத்துக்கே உயிர் என்று பாராட்டிய தயாரிப்பாளரை அறைந்தார். சினிமா அத்தோடு முடிந்தது. குடியையும் பிறகு விட்டுவிட்டார்.

அதையெல்லாம் அவர் பேசவே மாட்டார். பேசுவதெல்லாம் ஜெயக்கொடியைப் பற்றித்தான். மேடையில் பல வருஷம் அவருக்கு ஜோடி. ஒருநாள் செக்கானூரணிப் பக்கம் ஒரு திருவிழா. ஜெயக்கொடி அக்கா மேடையேறிப் பாடிக்கொண்டிருக்க, அடுத்து வேடன் வரவேண்டும். வரவில்லை. சினிமாக் கம்பெனிக் கார் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் கோமாளி வேஷம் போடுகிற பபூன்காரரே வேடன் வேஷம் கட்டி, கதைப்படி தாலி கட்டினார். அன்றிலிருந்து நாடக நோட்டீஸில் சிவனாண்டி என்ற பெயர் இருந்தால் ஜெயக்கொடி என்ற பெயர் இருக்காது. அவர் ஊர் திரும்பிய பிறகு எத்தனையோ கமிட்டிகள் கேட்டுப் பார்த்தும் அக்கா அசையவில்லை.

"எம் பேச்சுக்குத் திருப்பிப் பேசுற ஆளு அவ ஒருத்திதான் மாப்ள. மத்தவுகெல்லாம் கைதட்டுறாக" என்றார் அண்ணன் ஒருநாள். அந்த மீசையோடு ஒரு மனிதர் அப்படி ஏங்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவள் எதிரே இன்னும் ஒரு தடவை நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருக்கும் எங்கள் கல்லூரியில் நான் தமிழ் மன்றச் செயலாளர். எதிர்த்து நின்றவன் மனுவைத் தப்பாக நிரப்பியதால் கிடைத்த பதவி. ஆண்டு விழாவில் நாட்டுப்புறக் கலைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினார்கள். விடிய விடிய நடக்கிற தர்க்கத்தை, அண்ணனை வேடனாக வைத்து, வரவேற்புரைக்கும் பரிசளிப்புக்கும் நடுவில் செருகினேன். சாமிக்குக் கல்யாணம் பண்ணிவைக்க முக்கால் மணி நேரம் போதாதா?

அழைப்பிதழில் பிரமுகர்களின் பெயர்களும் பட்டங்களும் போட்டது போக இடமில்லை. ஆகவே கலைஞர்கள் பெயர் அச்சாகவில்லை, அண்ணன் பெயர் அக்கா கண்ணில் பட வழியில்லை. எங்கள் கல்லூரி வழக்கம் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

ஆரப்பாளையத்தில் ஜெயக்கொடி அக்கா வீட்டுக்குப் போனேன். கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். ராஜபார்ட் யாரு என்று கேட்டார். இன்னும் முடிவாகலக்கா என்றேன். என் முகத்தையே பார்த்தார். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் தமிழ், பரீட்சையில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பொய் சொல்லிப் பழகியவன் நான். ஆனாலும் வேர்த்துவிட்டது.

"வந்து நிக்கிறவுக யாரா இருந்தா என்ன, கேள்வி கேக்குறது என் வேலை" என்று, நான் அச்சாரமாக நீட்டிய வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விழாப் பொறுப்பாளர் பத்மாசினி மேடம் ஒத்திகை வேண்டும் என்றார். அக்காவிடம் போனில் சொன்னேன். பேசி வச்சுக்கிட்டுச் சண்டை போட நாங்க என்ன புருசன் பொண்டாட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மேடம் வசனத்தையாவது எழுதிக் கொடு என்றார். நானே எழுதி ஒப்புதல் வாங்கினேன். சாமி பேசுகிற இரண்டு வரிகளை ஒழுங்குக்கு மாறானவை என்று அடித்துவிட்டார்கள்.

விழா அன்று பகல் பதினோரு மணிக்கு அக்கா மேடையேறினார். ஆர்மோனியக்காரர் மொக்கையன் அண்ணன் சுருதி பிடித்துக் கொடுக்க, கிளி விரட்டும் பாட்டைப் பாடினார். சிவனாண்டி அண்ணன் வில்லோடு உள்ளே வந்தார். அக்காவின் பாட்டு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஆளைப் பார்த்தார், அடியைப் பாடி முடித்தார்.

தடுக்கியது அண்ணன்தான். பையன்கள் மீசையைக் கண்டதும் சினிமா டயலாக் கேட்டுக் கத்தினார்கள். அண்ணன் அக்காவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சொல்லித் தொலைத்தார். டப்பிங் எங்கண்ணே என்று பின்வரிசையில் ஒருவன் கேட்க, அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகு அவருக்கு மூச்சு பிடிபடவில்லை. எந்த நாட்டு வேடர் நீர் என்று அக்கா கேட்டதற்கு ஏதோ மலையின் பெயரைச் சொன்னார். அடுத்த கேள்விக்கு அதே மலையையே மறுபடியும் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அக்கா அதைப் பார்த்தார். கையிலிருந்த கவணைக் கீழே வைத்தார்.

"வேடரே, உம்மை மணக்கச் சம்மதம்" என்றார்.

கூட்டம் கைதட்டியது. மொக்கையன் அண்ணன் திகைத்து, பிறகு கல்யாணப் பாட்டின் மெட்டை எடுத்தார். மாலைகள் வந்தன. பத்மாசினி மேடம் முகத்தில் நான் கண்டிராத ஆனந்தம். நிகழ்ச்சி நேரத்துக்கு முன்னால் முடிகிறது. எதிரே நிற்கிறவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டால், மானம் போவதற்குள் பெண் வேஷக்காரி சம்மதித்துவிடுவது இவர்கள் தொழிலில் ஒரு பெருந்தன்மை. அதை அண்ணனே எனக்குச் சொல்லியிருக்கிறார். பச்சைப் பயல்களுக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் மாலையைக் கையில் வாங்கினார். போடவில்லை.

"இம்புட்டுச் சீக்கிரம் சம்மதிக்காத" என்றார் மைக்கில்.

பையன்கள் சிரித்தார்கள். காமெடி என்று நினைத்துவிட்டார்கள்.

"பாவம் பாக்காத ஜெயக்கொடி. கேளு."

ஆர்மோனியம் நின்றது. அக்கா மைக்குக்கு நேராக வந்தார்.

"கேக்கவா?"

"கேளு."

"அன்னைக்கு ஏன் வரல?"

"கார் வந்துச்சு. ஏறிட்டேன்."

"காரு கொட்டகைக்குள்ளயா வந்துச்சு?"

"கம்மாக்கரையில நின்னுச்சு."

"அம்புட்டுத் தூரம் நடந்துதான போயிருக்கணும்?"

"நடந்துதான் போனேன்."

"நடக்கையில காதுல என்ன விழுந்துச்சு?"

அண்ணன் மாலையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். "நீ பாடுனது."

"கேட்டுக்கிட்டேதான் போனீரு."

"பாட்டு நின்னுச்சுன்னா திரும்பிறலாம்னு நெனச்சேன். நீ நிப்பாட்டவே இல்ல."

அக்காவின் கன்னத்துச் சிவப்புச் சாயம் ஒரு கோடாக இறங்கியது. வேர்வை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவு வெக்கை.

"நிப்பாட்டுனா சனம் எந்திரிச்சுப் போயிரும்னு இழுத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "நீரு வர்ற வரைக்கும்."

அண்ணன் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாராம், மேடம் மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்துத் திரையை இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். கயிறு மாட்டிக்கிச்சு மேடம் என்றேன், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே. மேடம் என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பரிசளிப்பை மேடைக்குக் கீழேயே வைத்துக்கொண்டார்கள். மரத்தடியில் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கூட்டத்தில் பாதி எழுந்து போனது.

மேடையை விட்டு யாரும் இறங்கவில்லை. மைக் இல்லாமல் அண்ணனின் மெல்லிய குரல் இரண்டாவது வரிசையைக்கூடத் தாண்டவில்லை. தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. நான் நின்ற இடத்துக்கு ஒன்றிரண்டு வார்த்தை வந்தது, சேர்த்துப் பார்த்தால் அர்த்தம் ஆகவில்லை. அவர் முதுகு நிமிர்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. பேசப் பேச ஒரு காலை முன்னால் வைத்தார். மொக்கையன் அண்ணன் கல்யாண மெட்டின் முதல் கட்டைமேல் விரலை வைத்தபடி, எப்போது என்று என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்?

ஜெயக்கொடி அக்கா குனிந்து கீழே கிடந்த கவணை எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.