எப்பவும் இம்புட்டு வண்டிதான்

பொன்மணி சொன்ன பொய் ஒரே வரிதான். அது இப்போது மேஜை மேல் டைப் அடித்துக் கிடந்தது, கீழே அவள் கையெழுத்தோடு.

"இந்த வளைவுல எப்பவுமே கொஞ்ச வண்டிதான் போகும்னு நீங்க சொன்னதுதானம்மா?" என்று கேட்டார் சாலைப் பாதுகாப்பு அதிகாரி விக்னேஷ்குமார்.

"சொன்னேன் சார். நாசமாப் போன வாயி, சொல்லிப்புட்டேன்."

அவள் அதைச் சொன்னது, தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்த நேரத்தில். நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம், அவள் ஊர் வளைவில் லாரிகள் சரக்கு ஏற்றி இறக்கப் புதிதாக ஒரு கிட்டங்கி வருகிறது என்று வண்டிகளை எண்ண இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக வந்தார்கள். ரோட்டில் ஈ, காக்காய் இல்லை. நோட்டோடு வருகிறவன் எவனானாலும் ரெய்டுக்காரன்தான் என்பது பட்டாசு வேலையில் முதல் பாடம். எத்தனை ஆள்? கொஞ்சம்தான். எவ்வளவு வெடிமருந்து? கொஞ்சம்தான். அவள் கம்பெனி போர்மேன் சங்கையா பதினெட்டு வருஷமாகச் சொல்லிக் கொடுத்தது நாக்கிலேயே ஊறிவிட்டது. எத்தனை வண்டி போகும் என்று கேட்டதும் அந்தப் பாழாய்ப்போன நாக்கு அதையே சொன்னது.

இப்போது பட்டாசு சீசன், ரோடு நிறைய வண்டி. திங்கட்கிழமை கிட்டங்கித் திறப்பு. அவள் சொன்னதை நம்பி அதன் வாசலை வளைவிலேயே வைத்துவிட்டார்கள். அதற்கு நேர் எதிரேதான் அவள் மகள் பாண்டிமீனா பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்து வருவாள்.

"வாசலப் பின்பக்கம் மாத்தச் சொல்லுங்க சார். எனக்கு இருக்கது ஒத்தப் பிள்ள."

விக்னேஷ்குமார் கெட்டவர் இல்லை. "நானே நாளைக்கு வந்து பார்க்கிறேன். பார்த்ததை எழுதுறேன்" என்றார்.

சொன்னபடியே மறுநாள் நாலரைக்கு ஜீப் வந்து வளைவில் நின்றது. வேலை விட்டு ஆட்களை ஏற்றிவரும் வேன்களும் லோடு லாரிகளும் முட்டி மோதுகிற நேரம் அது. பத்து நிமிஷம் போனது. ஒரு வெள்ளாடு மட்டும் ரோட்டைக் கடந்தது.

பொன்மணி செல்போனை எடுத்தாள். சங்கையாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, வண்டியெல்லாம் எங்க?"

"அங்கன ரெய்டு ஜீப்பு நிக்குதாம்லா? எல்லாக் கம்பெனிக்கும் சொல்லி வாசக் கேட்ட அடைச்சாச்சு. ஜீப்பு போகட்டும், வண்டிய விடுவோம்."

"இது ரெய்டு இல்ல அண்ணாச்சி! ரோட்டப் பாக்க வந்திருக்காக. ஒங்க கால்ல விளுதேன், விடுங்க!"

"அப்படித்தான் சொல்லுவாக. நீ பேசாம வீட்டுக்குப் போ." போன் கட்டாகிவிட்டது.

அவள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்குற வரைக்கும் வராது சார். ஒங்களப் பாத்துப் பயந்து நிக்காக. நம்புங்க சார்."

"பார்க்காத வண்டியை நான் எப்படிம்மா எழுதுறது?" அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் நொறுக்கியது. ஐந்து மணிக்கு ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

அது கண்ணை விட்டு மறைந்ததும் ஆரன் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் அடைபட்டுக் கிடந்த அத்தனை வண்டியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. எதிரே பஸ் நின்று, பாண்டிமீனா இறங்கினாள்.

பொன்மணி நடுரோட்டுக்குப் பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்தாள். முதல் லாரி கிறீச்சிட்டு அவள் முழங்கையை ஒட்டி நின்றது. டிரைவர் வாய்க்கு வந்தபடி ஏசினான். மகள் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணுங்கய்யா! இப்ப வந்து எண்ணுங்க!" என்று ஜீப் போன திசையைப் பார்த்துக் கத்தினாள் பொன்மணி. நாளைக்கும் ஐந்து மணிக்கு பஸ் வரும்.