நான்கு மூட்டைச் சுவர்

பாக்தாத்தில் ஜவ்தத் என்று பெயரைச் சொன்னாலே மணல் லாரிகளுக்குக் காய்ச்சல் கண்ட காலம் ஒன்று உண்டு. கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமைப் பரிசோதகர். நூறு கிலோ மணலில் அரைக்கிலோவுக்கு மேல் சல்பேட், அதாவது ஜிப்சத்தின் உப்பு, இருக்கக் கூடாது என்பது விதி. மணலை அலசி எடுத்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி இரண்டு சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் பாலாக வெளுத்துவிட்டால் கதை முடிந்தது. லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இருபத்தேழு வருஷத்தில் அவர் திருப்பியனுப்பிய மணலைக் கொட்டினால் டைக்ரிஸ் நதியை இரண்டு இடத்தில் அடைக்கலாம். மூன்று இடத்தில் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மந்திரியின் மாமனாருடைய மணலைக் கூட அவர் திருப்பியனுப்பியதில், அந்த மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்கக் கூரையில்லாத மாளிகையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தேநீர் குடித்தார் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆய்வுக்கூடத்தோடு நின்றாலும் பரவாயில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே பேச்சுதான்.

"இந்த ஜிப்சம் இருக்கே, மணல்ல நல்ல பிள்ளை மாதிரி ஒளிஞ்சு வரும். கான்கிரீட் இறுகற வரைக்கும் வாயே திறக்காது. அப்புறம் ஈரம் பட்டுதா, உள்ளுக்குள்ள ஊசி ஊசியா வளர ஆரம்பிச்சுடும். வளர இடம் வேணுமே! பெத்த வயித்தையே கிழிக்கும்."

"சாதத்தைச் சாப்பிடுங்க, ஆறுது," என்பாள் மனைவி வஃபீயா.

அவர்களுக்கு ஒரே மகன், சினான். அந்த ஊர் வழக்கப்படி அவன் பிறந்த நாளிலிருந்து அவர் அபு சினான், அவள் உம்மு சினான்; சினானின் அப்பா, சினானின் அம்மா. ரொட்டிக் கடைக்காரனிலிருந்து மணல் லாரிக்காரன் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஈரானோடு நடந்த எட்டு வருஷப் போரின் ஆறாவது வருஷத்தில், பதினெட்டு வயதில், சினான் தெற்கே ஃபாவ் போர்முனைக்குப் போனான். மூன்று மாதம் கழித்து ஒரு வரிக் கடிதம் வந்தது: காணவில்லை. செத்தான் என்றும் இல்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. ஆனால் ஊர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை யாராவது அவன் பெயரைச் சொல்லி இவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

போர் முடிந்த மறுவருஷம், நகரின் காஸிமியா பகுதியில் அவர்கள் குடியிருந்த பழைய வீட்டைச் சாலை அகலப்படுத்துவதற்காக இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நகரின் மறுகோடியில் சைதியாவில் புது மனை கொடுத்தார்கள். வஃபீயா ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டாள். மகன் அறைச் சுவர்.

அந்தச் சுவரின் ஜிப்சம் பூச்சில் பதினாறு பென்சில் கோடுகள் இருந்தன. மூன்று வயதில் ஆரம்பித்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சினானை நிறுத்தி, தலைக்கு மேல் அடிமட்டத்தை வைத்து, ஜவ்தத் தன் கையால் போட்டவை. அவரா, விடுவாரா? ஒவ்வொன்றுக்கும் தேதி, மில்லிமீட்டர் கணக்கு, ஓரத்தில் சுருக்கொப்பம். ஆய்வுக்கூட அறிக்கை தோற்றது. கடைசிக் கோடு ஒரு மீட்டர் எழுபத்துநாலு சென்டிமீட்டரில் நின்றது.

பூச்சைப் பெயர்க்க மேஸ்திரி ஷன்ஷல் வந்தான். உளியைத் தட்டினால் பக்கத்துத் தெருவில் உறங்குகிறவன் கனவில்கூடச் சுவர் விழும் என்று பெயர் வாங்கியவன்.

"முழுசா எடுத்துக் குடு, ஷன்ஷல்," என்றாள் வஃபீயா. "ஒரு கோடு கூட அழியக் கூடாது."

"அக்கா, இதென்ன தந்தூர் அடுப்பு ரொட்டியா, நுனியைப் பிடிச்சு முழுசாப் பிய்ச்செடுக்க?"

அவன் எவ்வளவு மெதுவாகத் தட்டினானோ அவ்வளவு மெதுவாக அது பொலபொலவென்று உதிர்ந்தது. ஏழு வயது உதிர்ந்தது. பன்னிரண்டு உதிர்ந்தது. பதினெட்டு, ஷன்ஷலின் மீசை மேலேயே விழுந்தது. வஃபீயா அழவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து, கடைசிச் சிட்டிகை வரை கூட்டி அள்ளினாள். நான்கு மூட்டை.

"புது வீட்டுக் கான்கிரீட்ல இதைச் சேருங்க," என்றாள்.

ஜவ்தத் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். சுத்தமான ஜிப்சம்! இருபத்தேழு வருஷம் இரண்டு சொட்டு மருந்தால் தேடித் தேடி விரட்டிய எதிரி, நான்கு மூட்டையாகக் கட்டி, மனைவியின் கையால் வாசலுக்கு வந்து நிற்கிறது. அன்று பகல் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டார். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"இதோ பாரு வஃபீயா, வழி இருக்கு. வீடு முழுக்க, எல்லாக் கலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போட்டா நூத்துக்குக் கால்தான் வரும். விதிக்குள்ள அடங்கும். ஒண்ணும் ஆகாது."

"பிரிச்சா?"

"ஆமா, ஒரு கலவைக்கு ரெண்டு கை."

அவள் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "ஃபாவ்ல என் பிள்ளை எத்தனை இடத்துல கிடக்கறானோ தெரியலை. நானும் என் பங்குக்குப் பிரிச்சுப் போடணுமா? ஒரே இடத்துல போடுங்க. அவன் அறைத் தரையில."

கான்கிரீட் போடுகிற அன்று ஷன்ஷல் அவரைத் தனியே கூட்டிப்போய்க் காதைக் கடித்தான். "உஸ்தாத், நீங்க சொல்லிக்குடுத்த பாடம்தான் எனக்கும். இது விஷம். மூட்டையை மாத்திடறேன். வெள்ளை மணலை அடைச்சுக் கட்டினா அக்காவுக்குத் தெரியவா போகுது? இந்த நாலையும் தோட்டத்துல பத்திரமாப் புதைச்சுடுவோம்."

ஜவ்தத்தின் முகம் சிவந்தது. "சோதனை மாதிரியை மாத்தச் சொல்றியா? என்கிட்டயா? மாதிரியை மாத்தினவன் ஒருத்தனையும் நான் வேலையில வெச்சதில்லை."

"இது மாதிரி இல்ல உஸ்தாத். இது உங்க பொண்டாட்டி."

"அவகிட்ட நான் பொய் சொன்னதில்லை."

பொய்தான் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. கணக்குக் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, நான்கு மூட்டையும் ஓர் அறையின் கலவைக்குள் போவதை நின்று பார்த்தார். வஃபீயா கடைசி மூட்டையைத் தலைகீழாகத் தட்டி உதறினாள்.

முதல் வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஜவ்தத் தினமும் தரையைத் தடவிப் பார்ப்பார். வாத்தியார் கூட அவ்வளவு அக்கறையாகப் பையனின் காதைத் தொட்டிருக்க மாட்டார். தரைக்கடியில் செங்கல் ஜல்லி கனமாக நிரப்பியிருந்தது. நிலத்தின் ஈரம் ஏறாது. ஈரம் இல்லாவிட்டால் ஜிப்சம் தூங்கும். தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் கைதிகளை ஈரான் திருப்பியனுப்பியது. பேருந்து பேருந்தாக வந்தார்கள். பேரீச்சம்பழம் பொதிந்த க்ளேச்சாவைச் சுட்டுச் சுட்டு அடுக்கி, வஃபீயா ஒவ்வொரு நாளும் போய் நின்றாள். பாதிப் படையே அவள் க்ளேச்சாவைத் தின்றுதான் வீடு போய்ச் சேர்ந்தது. தாடியும் எலும்புமாக இறங்கிய ஒவ்வொருத்தனின் மோவாயையும் தூக்கிப் பார்த்தாள். கடைசிப் பேருந்தும் காலியானது. காலித் தட்டோடு வீட்டுக்கு வந்தவள் நேராகக் குழாயைத் திறந்து, மகன் அறையைக் கழுவினாள். அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. எந்நேரமும் அவன் வரலாமே! பிள்ளை தூசியிலா காலை வைப்பான்?

"அந்த அறையை மட்டும் கழுவாதே," என்றார் ஜவ்தத்.

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். ஒரு மந்திரியின் மாமனாருக்கே சொன்னவர். "தண்ணி வீணாகுது," என்றார்.

"டைக்ரிஸ் ஓடற ஊர்ல," என்று சொல்லிவிட்டு அவள் குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறந்தாள்.

பனிக்காலம் முடிவதற்குள் தரை விழித்துக்கொண்டது. முதலில் கதவு தரையில் தட்டியது. பிறகு மூலையில் முடி மாதிரி ஒரு விரிசல். குவைத் போரில் வானத்திலிருந்து நாற்பது நாள் குண்டு விழுந்தபோது சன்னல் கண்ணாடி கூட உடையாத வீடு அது. இப்போது தரையின் நடுவில் மெல்ல மெல்ல வயிறு தள்ளியது. ஜவ்தத் தன் தொழில் வழக்கப்படி ஒரு மீட்டர் மரக்கோலைத் தேடி எடுத்தார். கதவோரமாகத் தரையில் நிறுத்தி, கோலின் உச்சி எங்கே வருகிறதோ அங்கே கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டார். தேதி, மில்லிமீட்டர், சுருக்கொப்பம். தரை உயர்ந்தால் கோலும் உயரும். கோடும் உயரும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் சந்தைக்குப் போனபின் திருடனைப் போல இதைச் செய்தார். இரண்டு, ஐந்து, ஒன்பது மில்லி.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கூடையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தாள். அவர் கோலும் பென்சிலுமாகக் குனிந்து நின்றதைப் பார்த்தாள். நிலையில் வரிசையாக ஏறிய கோடுகளை, அவருடைய கையெழுத்தை, அந்தச் சுருக்கொப்பத்தைப் பார்த்தாள். கூடையை எடுக்கவே மறந்துவிட்டது.

"பதினொரு மில்லி வளர்ந்திருக்கான்," என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

ஜவ்தத் அந்தக் கோட்டுக்குச் சுருக்கொப்பம் போட்டு முடித்தார்.

அதற்குப் பிறகு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலைத் தேநீர் முடிந்ததும் அவர் கோலை நிறுத்துவார், அவள் அடுப்பங்கரையிலிருந்து கேட்பாள்: "எவ்வளவு?" அவர் சொல்வார். ஒரு மில்லி. முக்கால் மில்லி. "நல்லா சாப்பிடறான்," என்பாள். தன் கட்டிலை அந்த அறைக்கே நகர்த்திப் பகல் தூக்கமும் அங்கேயே. ஷன்ஷல் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். வீங்கிய தரை சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மேலே கூரை, இரும்பு உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு. சுவர் ஒரு விரல் நகர்ந்தால் வளைவுக்குப் பிடி போய்விடும்.

"உஸ்தாத், அக்காவை வெளியே கொண்டு வாங்க."

"சொல்றேன்."

"எப்போ? கூரை வந்து சொல்லட்டும்னு இருக்கீங்களா?"

கூரையே வந்து சொன்னது. ஆவணி வெயிலில் ஊரே படுத்திருந்த பகலில் ஒரு செங்கல் கழன்று, கட்டிலில் தலையணை மேல் விழுந்தது. வஃபீயா தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். தலையணையில் அவள் தலை அழுத்திய குழி இன்னும் ஆறவில்லை. அந்தக் குழியில்தான் செங்கல் உட்கார்ந்திருந்தது.

ஜவ்தத் அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். இருபத்தேழு வருஷம் லாரிக்காரர்களிடம் முழங்கிய குரல், ஓட்டைக் குழாய்க் காற்றாக வந்தது.

"வஃபீயா, அது வளரலை. அது நோய். அந்த நாலு மூட்டைதான் நோய். நீ ஊத்தற தண்ணியைக் குடிச்சுக் கான்கிரீட்டைக் கிழிக்குது. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"என்ன கேள்வி இது? இருபத்தேழு வருஷம் சோத்துத் தட்டு முன்னாடி வேற என்ன பேசினீங்க? நல்ல பிள்ளை மாதிரி வரும், ஈரம் பட்டா ஊசி ஊசியா வளரும், பெத்த வயித்தைக் கிழிக்கும். எனக்கு மனப்பாடம்."

"தெரிஞ்சேவா தண்ணி ஊத்தினே?"

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். "அவன் போட்டோ அசையலை. அலமாரியில சட்டை அசையலை. கடிதம் எழுதினவன் ரெண்டாவது வரி எழுதலை. அவனைச் சேர்ந்ததுல இது ஒண்ணுதான் அசைஞ்சுது, அபு சினான். என்ன செய்யச் சொல்றீங்க?"

தெருவில் யாரோ போகிறவன், "அபு சினான், சலாம்!" என்றான். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவளே கேட்டாள். "தண்ணியை நிறுத்தினா?"

"காஞ்சு போகும். அப்படியே நின்னுடும். கூரைக்கு முட்டுக் குடுத்துட்டா வீடு தாங்கும். தரையை உடைக்க வேண்டாம்."

"நின்னுடும்," என்று அவள் திரும்பச் சொன்னாள். எழுந்து போய்க் குழாயை மூடினாள். ரப்பர் குழாயைச் சுற்றி ஆணியில் மாட்டினாள். ஷன்ஷல் வந்து ஈச்சமரத் துண்டுகளை நட்டுக் கூரையைத் தாங்க வைத்தான். அன்று முழுக்க அவன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. பாக்தாத் சரித்திரத்திலேயே அது முதல் தடவை.

பத்து வாரம் போயிற்று. அறையில் தூசி படிந்தது. கதவோரத்தில் கோல் நிற்கும் இடத்தில் மட்டும் ஜவ்தத்தின் கால்தடம் பதிந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் வளர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. கால் மில்லி. அதற்கும் கீழே.

பத்தாவது வெள்ளிக்கிழமை கோலை நிறுத்தினார். கோலின் உச்சி போன வாரக் கோட்டின் மேலேயே நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மயிரிழை கூட ஏறவில்லை. தரை நின்றுவிட்டது. வீடு பிழைத்தது. பரிசோதகன் ஒருவன் கேட்க ஆசைப்படும் செய்தி இதைவிட உலகத்தில் வேறில்லை. ஜவ்தத் பென்சிலைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"எவ்வளவு?" என்றாள் வஃபீயா அடுப்பங்கரையிலிருந்து.

அவர் போன வாரக் கோட்டை விரலால் தடவினார்.

"எவ்வளவு, அபு சினான்?"

"அரை மில்லி," என்றார்.

தேநீர்க் குவளையில் சர்க்கரை கலக்கும் கரண்டிச் சத்தம் நின்றது. தண்ணீர் படாமல் அது வளராது என்பது அவளுக்கு மனப்பாடம்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதறேன்."

பழைய கோட்டுக்கு அரை மில்லி மேலே பென்சிலை வைத்தார். கோடு போட்டார். தேதி எழுதினார். சுருக்கொப்பமும் போட்டார். கரண்டி மறுபடியும் கலக்க ஆரம்பித்தது.