மாட்டுக்கு ஐந்தாவது கால்

எழுத்தே பிறக்காத காலத்தில் யாரோ குகைச் சுவரில் கீறிவிட்டுப் போன கோடுகளுக்கு ஒரு குணம் உண்டு. நேராக வெளிச்சம் அடித்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் மாடு மாடாகத் தெரியும். அதனால் ஒருத்தர் விளக்குப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் பாறைமேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் படியெடுக்க வேண்டும்.

இத்தனை வருஷமும் படியெடுத்தவள் அவள், விளக்குப் பிடித்தவர் அவள் வீட்டுக்காரர். போன மாதம் இதே இடத்தில், விளக்கு மாட்டிய இரும்புக் கம்பியோடு சரிந்து விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் ஒரு சொட்டு அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும், அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

அரைகுறையாகக் கிடந்த படத்தை முடிக்க, இன்று கொழுந்தன் விளக்குப் பிடித்தான்.

"என்ன அண்ணி, மாட்டுக்கு அஞ்சு கால் போட்டிருக்கீங்க?"

இன்று புதிதாக ஒட்டிய தாளைப் பார்த்தாள். அட, ஆமாம். கறுப்பு மையில் அழகாக ஐந்தாவது கால். பாறையில் அந்தக் கோடு மட்டும் வெள்ளை வெளேரென்று, தோள் உயரத்திலிருந்து முழங்கால்வரை இறங்கியிருந்தது. வெள்ளையாக இருந்தால் புதுக் கீறல். கற்றுக்குட்டிக்கும் தெரியும் இது.

"உங்கண்ணன் விழுந்தப்ப கம்பி பாறைல இழுத்த கோடு," என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "விளக்கு ஆடுச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. 'ஆட்டாதீங்க, எத்தனை வாட்டி சொல்றது'ன்னு எரிஞ்சு விழுந்தேன். அதான் அவர் கடைசியா கேட்டது."

"அப்படியே இருக்கட்டுமே அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கொழுந்தன்.

அவளுக்கும் ஆசைதான். அந்தப் பழைய மாட்டோடு அவரும் இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் தப்பாகப் படியெடுத்தால் மனிதர் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கறுப்பைத் துடைத்தாள். புதுச் சேதத்தைக் குறிக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து, மேலிருந்து இழுக்கத் தொடங்கினாள்.

பாதி வருவதற்குள் வெளிச்சம் லேசாக ஆடியது.

பேனாவைப் போட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி, கொழுந்தனின் தோள்களைப் பிடித்தாள்.

"என்ன ஆச்சு தம்பி? நெஞ்சு வலிக்குதா? உக்காரு, முதல்ல உக்காரு!"

"ஒண்ணுமில்ல அண்ணி. கை மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

"ஆடினா ஆடிட்டுப் போகட்டும். கீழ வை அத," என்றவள், அவன் தோளை விடாமலே ஓவென்று அழுதாள்.