சொல்லாமல் விட்ட வாக்கியம்

பொற்கொடியிடம் இலக்கியா கேட்டது பெரிய உதவி ஒன்றுமில்லை. மஸ்கட்டில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் இலக்கியாவுக்கு அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. சேர்த்துக்கொள்வதற்கு முன்னால், இப்போது வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்கு மேலே இருப்பவரிடம் பேசுவார்களாம். புதுக்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தப் பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்குப் பொற்கொடிதான் கோஆர்டினேட்டர்.

"ஒங்க பேரத்தான்க்கா குடுத்திருக்கேன். என்னப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா?" என்றாள் இலக்கியா. பிள்ளைகள் எதிரில் மிஸ் என்பாள். தனியாக இருக்கும்போது அக்கா.

"நல்லபடியாச் சொல்றேன், போ." சொன்னபோது பொற்கொடி அப்படித்தான் நினைத்தாள்.

இலக்கியாவுக்கு அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். கணவன் அரவிந்த்குமார் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவர்களுடைய பெண் குழந்தை அப்பாவை நேரில் பார்த்ததைவிட போனில் பார்த்ததுதான் அதிகம். இந்த வேலை அமைந்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

இலக்கியாவுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. போன வருடம் அதே பள்ளிக்குப் பொற்கொடியும் விண்ணப்பித்திருந்தாள். கணவன் சேவுகனிடம்கூடச் சொல்லவில்லை. கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். 'தங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க இயலவில்லை' என்று ஒரு மெயில் வந்தது. இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு வகுப்பை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்று இலக்கியாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே பொற்கொடிதான். அந்த இலக்கியாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எடுத்தும்விட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் கைகுலுக்கியபோது பொற்கொடியும் குலுக்கினாள். அன்று வீட்டுக்குப் போய்க் காரணமே இல்லாமல் சேவுகன் மேல் எரிந்து விழுந்தாள்.

அழைப்பு ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. லேபில் அவள் மட்டும் இருந்தாள். பேசிய பெண் தன்னைப் பள்ளியின் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டாள். நிதானமான ஆங்கிலம். பாடம் எப்படி நடத்துவார், நேரத்துக்கு வருவாரா என்றெல்லாம் கேட்டாள். பொற்கொடி குறையில்லாமல் பதில் சொன்னாள்.

"குழந்தைகளிடம் இவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எப்போதாவது புகார் வந்திருக்கிறதா?"

பொற்கொடி எழுந்து லேப் கதவைச் சாத்தினாள்.

"ஒன்று வந்தது. ஒரு பையனின் கையை அழுத்திப் பிடித்துக் காயப்படுத்திவிட்டதாக அவனுடைய அம்மா எழுதிக் கொடுத்தார்."

அந்தப் பக்கம் டைப் செய்யும் சத்தம் கேட்டது. "எப்படி முடிந்தது?"

"பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துவிட்டோம்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆறாம் வகுப்பு பிரவீன்குமார் பள்ளி விடும் நேரத்தில், ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த வேனைப் பார்க்காமல் குறுக்கே ஓடியதை அவள் சொல்லவில்லை. இலக்கியா பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்ததால்தான் அவன் பிழைத்தான் என்றும், அந்தப் பிடியில் நகம் பதிந்துதான் காயம் என்றும் சொல்லவில்லை. அதை விசாரித்தவளே பொற்கொடிதான். சிசிடிவியில் அந்தக் காட்சியைப் பார்த்த அம்மா புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இலக்கியாவின் கையைப் பிடித்து அழுததையும் அருகில் நின்று பார்த்தவள்.

போனை வைத்தபிறகு, தான் பொய் எதுவும் சொல்லவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். சாயங்காலம் இலக்கியா, "பேசுனாங்களாக்கா?" என்று ஓடிவந்தாள்.

"பேசுனாங்க. எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருக்கேன்."

இது பொய். இதற்குச் சமாதானம் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் இலக்கியா முகம் வீங்கி வந்தாள். பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு சந்தேகம் எழுந்திருப்பதால் நியமனத்தை நிறுத்திவைத்திருப்பதாக மெயில் வந்திருந்தது. என்ன சந்தேகம், யார் கிளப்பியது என்று அதில் இல்லை.

"போலீஸ் சர்டிபிகேட்லதான்க்கா ஏதோ ஆயிருக்கு. எங்க கொழுந்தனாரு மேல வரப்புத் தகராறுல ஒரு கேஸ் இருக்குல்ல, அத என் பேரோட சேத்து எழுதிட்டாங்க போல. வீட்ல ஒரே சண்ட. ஒன்னாலதான்டா அவ பொழப்பு கெட்டுச்சுன்னு மாமியா பேசிட்டாங்க. கொழுந்தனாரு சோறு கூடத் திங்காம எந்திரிச்சுப் போயிட்டாரு."

பொற்கொடி தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

"சனிக்கெழம அறந்தாங்கி ஸ்டேஷனுக்குப் போயி கேக்கலாம்னு இருக்கேன். நீங்க கூட வாறீங்களாக்கா? எங்க வீட்ல யாருக்கும் அங்கிட்டுப் போயிப் பேசத் தெரியாது."

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. போனாள்.

பஸ்ஸில் இலக்கியா ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். வழியில் போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். அரவிந்த்குமார் நண்பர்களோடு தங்கியிருந்த அறையைக் காலி செய்துவிட்டுச் சின்ன வீடு ஒன்று பார்த்திருந்தான். ஜன்னலில் மஞ்சள் திரை.

"பாப்பாவுக்கு மஞ்சக் கலர்தான் புடிக்கும்னு போட்டிருக்காரு. இப்ப அவருகிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல."

பொற்கொடி படத்தைப் பார்த்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள். "தைலம் இருக்குக்கா" என்று இலக்கியா பையைத் துழாவினாள்.

ஸ்டேஷனில் இருந்த பெண் ஏட்டு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒம் பேர்ல ஒண்ணும் இல்லையேம்மா. கிளியர்னு அன்னைக்கே ரிப்போர்ட் போயிருச்சு. ஒங் கொழுந்தன் கேஸுக்கும் ஒனக்கும் என்ன சம்பந்தம்?"

வெளியே வந்ததும் இலக்கியா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்க்கா எங்க கொழுந்தனாரு. வீட்டுக்குப் போனதும் மன்னிப்புக் கேக்கணும்." பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கும்போதே யோசித்துக்கொண்டு வந்தாள். "அப்ப பிரின்சிபல்தான். நான் வேலைய விட்டுப் போறது சார்லஸ் சாருக்குப் புடிக்கல. அவருகிட்டயும் பேசியிருப்பாங்க. திங்கக்கெழம நேரா ரூமுக்குள்ள போயி, ஏன் சார் இப்படிப் பண்ணுனீங்கன்னு கேக்கப் போறேன்."

பொற்கொடியைப் பேசவைத்தது நேர்மை மட்டும்தான் என்று சொல்ல முடியாது. என்னை யாரும் அழைக்கவே இல்லையே என்று சார்லஸ் சார் சொல்லிவிடுவார் என்ற பயமும் சேர்ந்திருந்தது.

"அவரு இல்ல இலக்கியா. நான்தான்."

இலக்கியாவுக்குப் புரியவில்லை. "என்னது?"

"பிரவீன்குமார் அம்மா குடுத்த கம்ப்ளைன்ட்டச் சொன்னேன்."

"அதுக்கென்னக்கா, அதான் நீங்களே விசாரிச்சு..." என்று தொடங்கியவள் நின்றாள். "வேன் வந்தத சொன்னீங்கல்ல?"

"இல்ல."

"அவங்க வாபஸ் வாங்குனத?"

பொற்கொடி இல்லை என்று தலையை ஆட்டினாள். பின்னால் பட்டுக்கோட்டை பஸ் ஒன்று ஹாரனை அடித்தபடி திரும்பியது. அது போகும்வரை இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"ஏன்?"

"நானும் அந்த ஸ்கூலுக்குப் போட்டிருந்தேன். போன வருசம். எனக்குக் கெடைக்கல."

கத்துவாள், நாலு பேர் பார்க்கத் திட்டுவாள் என்று பொற்கொடி எதிர்பார்த்தாள். அப்படி நடந்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. இலக்கியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கூட ஸ்டேஷன் வரைக்கும் வந்தீங்களா?"

"ஆமா" என்றாள் பொற்கொடி.

"புதுக்கோட்ட பஸ் நிக்கிது. நீங்க போங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு இலக்கியா தன் ஊர் டவுன் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டில் பள்ளி நாள். பொற்கொடி மாடிக்குப் போய் அந்த அதிகாரியை அழைத்தாள். நடந்ததை முழுவதும் சொன்னாள். முன்பு ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண் கேட்டபோது, தானும் அங்கே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவள் என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் மறுபடியும் டைப் செய்யும் சத்தம் கேட்டது.

"இனி உங்கள் வார்த்தை எதையும் நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. நல்லதாகச் சொன்னதையும் சேர்த்துத்தான். உங்கள் பிரின்சிபலிடம் பேசுகிறோம்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை.

ஆகவே மறுநாள் சார்லஸ் சாரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். உட்காரச் சொல்லவில்லை, அவருக்கு அது தோன்றவில்லை போலும்.

"வீடியோவ நானே அனுப்பி வைக்கிறேன். அந்தப் பிள்ளைக்காகப் பேசுறேன்" என்றார். பிறகு, "நாளைக்கு ஒங்களப் பத்தி யாராச்சும் எங்கிட்டக் கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?" என்றார்.

அவர் பழி சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். பொற்கொடி அறையை விட்டு வந்து, கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அடுத்த மணி அடிக்கும்வரை உள்ளேயே நின்றாள்.

இலக்கியாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தப் பருவத்துக்கு வேறு ஒருவரைத் தற்காலிகமாக எடுத்துவிட்டதால் ஜனவரியில்தான் சேர முடியும் என்றார்கள். தீபாவளிக்கு மூவரும் சேர்ந்திருக்கலாம் என்று போட்ட கணக்கு தவறிப்போனது. அந்த மாதங்கள் முழுவதும் இலக்கியா பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து பொற்கொடியின் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். வணக்கம் சொல்வாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாள். தாமதத்துக்குக் காரணம் என்னவென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பது, மற்ற ஆசிரியைகள் வழக்கம்போல் பொற்கொடியிடம் சிரித்துப் பேசியதிலிருந்தே தெரிந்தது. அந்தச் சிரிப்பைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசி நாளில் இலக்கியா ஒவ்வொரு மேஜையாக இனிப்பு கொடுத்துக்கொண்டு வந்தாள். பொற்கொடியின் மேஜையை விட்டுவிட்டுப் போகவில்லை. பெட்டியை நீட்டினாள்.

பொற்கொடி எழுந்து நின்றாள். "இலக்கியா, என்ன மன்னிச்சிரும்மா."

"இப்ப அதக் கேக்காதீங்க மிஸ்" என்றாள் இலக்கியா மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி. "இன்னிக்கு நான் சந்தோசமாப் போகணும்."

பொற்கொடி ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டாள். இலக்கியா அடுத்த மேஜைக்குப் போனாள்.