வீரையன் எழுதிவைத்தது

இதில் ஒரு சொல் பொய்யில்லை. வேண்டுமானால் வெண்ணாற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தியம் செய்யலாம். தண்ணீர் வந்திருக்கிற நாளாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் வீரையனின் தலைமாட்டு விளக்குக்குச் சாமிதுரை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பந்தலுக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. வாய்க்காலில் தண்ணீர் முறை பார்க்கும் வைரக்கண்ணு. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஐஸ் பெட்டியைக் கும்பிட்டான். பிறகு சாமிதுரையின் காதருகே குனிந்து ரகசியம் பேசினான். அவன் ரகசியம் பேசினால் பூதலூர் ஸ்டேஷனில் ரயில் நின்றுவிடும்.

"பன்னெண்டு மணிக்கு அண்ணன் முறைங்க. ரெண்டு மணி வரைக்கும்தான். விட்டா இன்னும் ஆறு நாளைக்குத் தண்ணி கிடையாது."

மணி பதினொன்றேகால்.

வீரையனின் நாற்றங்கால் ஓரமெல்லாம் மஞ்சள் தட்டிக் கிடந்தது. வெடிப்புக்குள் விரல் போகும். ஆறு நாள் தாங்காது. விடியற்காலையில் மூச்சு அடங்குவதற்கு முன்னால் அவர் கேட்டது சிங்கப்பூரிலிருக்கும் மகனைப் பற்றி அல்ல. "முறை என்னிக்குடா?" என்றுதான். "இன்னிக்குத்தாண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சாமிதுரை சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்னவென்று புரிந்தது.

அந்த ஊரில் ஒரு வீட்டு மடையை அந்த வீட்டுக் கைதான் திறக்கும். வேறு கை பட்டதற்காக ஒரு வருடம் எட்டு மண்டை உடைந்தது. அதில் ஒன்று யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. சாமிதுரை பாகம் பிரித்துப் போய் இருபது வருடமாகிறது, அவர் கையும் வேறு கைதான். பிணம் கிடக்கும் வீட்டுக் கையோ, பாடை கிளம்பும்வரை மண்வெட்டியைத் தொடாது. பாடை கிளம்ப மகன் சூர்யபிரகாஷ் வரவேண்டும். விமானம் திருச்சியில் இறங்குவதே மூன்று மணிக்கு.

வீரையனின் மகள் சாவித்திரி எழுந்தாள். தஞ்சாவூரில் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் சொற்களை அட்டையில் எழுதி அடுக்குகிறவள். நேராகப் போய்ச் சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"கருமம், கருமம்" என்று அடித்துக்கொண்டிருந்த அத்தை அகிலாண்டத்தின் கை நெஞ்சுக்கு நாலு விரல்கடை முன்னால் நின்றது. "ஏண்டி, அப்பன் பெட்டியில கெடக்கான், மம்பட்டியத் தூக்கிட்டு எங்க கெளம்பிட்டே?"

"தண்ணி வைக்க, அத்தை."

"பதினாறாம் நாள் அவனுக்குக் கருமாதி நல்லபடியா நடக்க வேணாமா? நாத்து போனா போவட்டும். அது அவன் கர்மா. டேய் சாமிதுரை, நீ சொல்லு. இனிமே நீதான் இந்த வீட்டுக்குப் பெரிய தலை."

பந்தல் முழுக்கச் சாமிதுரையைப் பார்த்தது. அந்தப் பெரிய தலைக்குள் அப்போது அண்ணனின் கேள்வியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் வாய் தன்பாட்டுக்கு, "வேணாம்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றது.

சாவித்திரி மண்வெட்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். உரக்கடைக்காரர் கொடுத்த பச்சை டைரியோடு வந்தாள்.

"அப்பா இதுல எழுதி வச்சிருக்காரு, சித்தப்பா. படிக்கிறேன்."

மேளக்காரர்கள் குச்சியை மடியில் போட்டார்கள்.

"'கருமம். வடமொழியில் கிரு என்றால் செய். அந்த வேரிலிருந்து வந்தது. பாலியில் கம்ம. பாரசீகக்காரன் வேலையைக் கார் என்பான். சர்க்கார் புறம்போக்கு என்கிறோமே, அந்தச் சர்க்காரில் இருக்கும் கார் அதுதான். காரியத்துக்கும் அதே வேர். தமிழில் வினை என்போம், அதுவும் செய்வதுதான். வெள்ளைக்காரன் கர்மா என்று எடுத்துக்கொண்டு போய், ஆகாதவன் வண்டி பஞ்சரானால் சொல்லிச் சிரிக்கிறான்.'"

பக்கத்தைப் புரட்டினாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"'எந்தப் பாஷையிலும் அந்தச் சொல்லுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று அர்த்தம் இல்லை. நான் போகிற அன்றைக்கு முறை வந்தால், மடையைத் திறந்துவிட்டு வந்து அழுங்கள்.'"



"வீரையனா?" என்றாள் அகிலாண்டம். "என் தம்பியா? பாரசீகமா? கொண்டா இப்படி."

சாமிதுரை முந்திக்கொண்டு கையை நீட்டினார். சாவித்திரி டைரியை உடனே விடவில்லை, இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் இருந்த முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"அண்ணன் கையெழுத்துதான்" என்று சொல்லி டைரியை மூடினார்.

அகிலாண்டம் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"அவன் எழுத்து எப்பவும் குண்டு குண்டாத்தான் இருக்கும்" என்றாள். "போடி. வெயிலு கொளுத்துது, தலையில துணியப் போட்டுக்க."

பன்னிரண்டுக்கு மடை திறந்தது. வாய்க்காலில் வந்த கெண்டை ஒன்று மடையருகே நின்று, இது வீரையன் வயல்தானா என்று விசாரித்துவிட்டு உள்ளே போனதாக வைரக்கண்ணு சொல்கிறான். அவன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. இரண்டு மணிக்குச் சாவித்திரி முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தாள். காலைக் கழுவு என்று ஒருவரும் சொல்லவில்லை. அகிலாண்டம் நகர்ந்து இடம் விட்டாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்த பிறகுதான் சாவித்திரி அன்று முதல் தடவையாக அழுதாள்.

சூர்யபிரகாஷ் வந்து, ஐந்து மணிக்குப் பாடை வாய்க்கால் கரையோடு போனது. நாற்றங்கால் வந்ததும், யாரும் சொல்லாமலே தூக்கியவர்களின் நடை மெதுவாயிற்று. பாத்தி நிறையத் தண்ணீர். அதில் வானம் கிடந்தது. நாற்றின் நுனிகள் மட்டும் அதைக் குத்திக்கொண்டு நின்றன. சாமிதுரை சட்டைக்குள்ளிருந்த டைரியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீரையன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. சொசைட்டிக் கடன் ஃபாரத்திலிருந்து நிலப் பத்திரம்வரை எல்லாவற்றிலும் அவருக்குக் கைநாட்டுத்தான்.