இடது பக்கம் பட்டு மாதிரி

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு ஆண்கள் அவள் வீட்டுக்குள் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் படுக்கையறைக்குள் போனார்கள், ஏனென்றால் அவர்கள் சரிபார்க்க வந்த கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. டீ போடட்டுமா என்று கேட்டதற்கு ஒருவரும் திரும்பக்கூட இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்களாவது வீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை பேசுவார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆனால் பாட்டுக் கருவிப் பைத்தியங்களின் இந்த வட்டத்தில் அவருக்குத் 'தங்கக்காது' என்று பெயர். மற்ற மூவர் ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு டியூஷன் மாஸ்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக். நால்வரும் பங்கு போட்டு ஒரே ஒரு இயர்போன் வாங்கியிருந்தார்கள். அதை முறைவைத்து ஆளுக்கு ஒரு மாதம் கேட்டுவிட்டு, கேட்டதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அத்தான்தான் முதலில் எழுதினார்: 'வலது பக்கம் தெளிவு. இடது பக்கம் பட்டு மாதிரி.' தங்கக்காதே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அடுத்தவர் வெல்வெட் என்றார், அதற்கடுத்தவர் வெண்ணெய் என்றார்.

அந்தப் பட்டும் வெண்ணெயும்தான் மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தன.

கோர்ட்டில் பதிவாகும் விசாரணைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. நீதிபதியின் குரல் வலது பக்கம் வரும், சாட்சியின் குரல் இடது பக்கம் வரும். அவளுடைய பழைய இயர்போன் வயர் அறுந்து போனபோது, "இது கொஞ்ச நாள் உங்கிட்ட இருக்கட்டும்மா. இதுக்கு மேல ஒண்ணு கிடையாது" என்று அத்தான் இதைக் கொடுத்தார். மாட்டிய முதல் நாளே சாட்சிகளெல்லாம் தலையணைக்கு அடியிலிருந்து பேசினார்கள். இதன் விலையை அக்கா ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அந்த விலையைக் கேட்ட எவருக்கும் இயர்போன் மேல் சந்தேகம் வராது. அவளுக்குத் தன் காதின் மேல் வந்தது.

அவள் அப்பாவுக்கு நாற்பது வயதில் இடது காது போனது. முதலில் வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். அவளுக்கு இப்போது முப்பத்தொன்பது. போன வாரம், ஒரு சாட்சி "பாக்கலை" என்று சொன்னதை "பார்த்தேன்" என்று அடித்து அனுப்பிவிட்டாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். காது டாக்டரிடம் போக அவளுக்குத் தைரியமில்லை. போனைக்கூட வலது காதிலேயே வைத்துப் பேசினாள். கோளாறு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், அதில் மட்டுமே இருக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. அதற்காகத்தான் இந்த நால்வரையும் சகித்துக்கொண்டு நின்றாள்.

மருந்துக்கடைக்காரர் சவுண்ட் டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். சரியாகவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு இயர்போன் வயரை ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிச் செருகினார். சரியாகவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இயர்போன் ஒரு காதிலிருந்து அடுத்த காதுக்குப் போயிற்று. டியூஷன் மாஸ்டர் தன் முறை வந்தபோது ரப்பர் மூடியை நாக்கில் வைத்து நன்றாக ஈரப்படுத்திவிட்டுக் காதில் அழுத்தினார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள்.

"எச்சில் தொட்டா கச்சிதமா உக்காரும். அப்பத்தான் பேஸ், அந்த அடி நாதம், நிக்கும்" என்றார் அவர், பாடம் நடத்தும் குரலில்.

அதைத்தான் அவள் மூன்று வாரமாக இரண்டு காதிலும் செருகிக்கொண்டிருக்கிறாள். எட்டு மணி நேரம் அதோடு உட்கார்ந்து, அதோடு சாப்பிட்டு, ஒருநாள் அதோடேயே தூங்கியும் போயிருக்கிறாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டுமா? இடதை வலது காதுலயும் வலதை இடது காதுலயும் மாத்தி மாட்டிப் பாத்தா என்ன?"

நால்வரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வந்ததிலிருந்து இப்போதுதான் பார்த்தார்கள்.

"எல்-னு போட்டிருக்கான் இல்ல? எதுக்குப் போட்டிருக்கான்?" என்றார் அத்தான். "செருப்பை மாத்திப் போட்டுட்டு நடப்பியா நீ? மேடையில இடது பக்கம் நிக்கற வயலின்காரர் வலது பக்கம் வந்துருவாரும்மா."

மற்ற மூவரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட் என்று நாற்பது சதவீதத்தில் போய் நின்றுகொண்டது. அது முடியும்வரை வெள்ளிக் கம்பி நல்லதா செம்புக் கம்பி நல்லதா என்று சண்டை போட அவர்கள் பால்கனிக்குப் போனார்கள்.

அவள் இயர்போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மாஸ்டரின் எச்சிலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தாள். தன் போனில் செருகி ஒரு பாட்டைப் போட்டாள். இடது பக்கம் அதே தலையணை. ஆக, கம்ப்யூட்டர் மேல் பழி போட இனி வழியில்லை. ஒன்று இயர்போன், இல்லையென்றால் காது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். மாற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும். அவள் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாட்டினாள். இடது காதில் பாட்டு பளிச்சென்று கேட்டது. தலையணை வலது பக்கம் போய்விட்டது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என் காது இல்லை, என் காது இல்லை என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகுதான் எல் என்று போட்ட பக்கத்தின் ரப்பர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குழலின் வாயில் சல்லடை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. ஊக்கின் முனையால் நோண்டினாள். குறும்பி. பிசுபிசுவென்று, ஒரு முடியோடு, வர வர வந்துகொண்டே இருந்தது. மேலே மஞ்சள், அடியில் கறுப்பு. யாருடைய காது மேலே, யாருடைய காது அடியில் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். காதைச் சோப்புப் போட்டுச் சிவக்கச் சிவக்கக் கழுவினாள். கழுவியும் அருவருப்பு போகவில்லை.

வெளியே வந்து, நோண்டி எடுத்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் வைத்து, பால்கனியிலிருந்து திரும்பியவர்கள் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதுதான் உங்க பட்டு. கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமில்ல."

நால்வரும் காகிதத்தின் மேல் குனிந்து பார்த்தார்கள். பிறகு "எனக்கு வறண்ட காது. இது என்னோடது இல்ல" என்றார் மருந்துக்கடைக்காரர். நான் வாரா வாரம் சுத்தம் செய்கிறேன் என்றார் மெக்கானிக். மாஸ்டர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். பக்கம் பக்கமாக எழுதியது அத்தனையும் ஒருவர் காது அழுக்கை இன்னொருவர் ரசித்த கதை. இந்த மனிதர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சுத்தம் செய்த இயர்போனை ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் சமம் என்று மூவரும் முனகலாக ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் அத்தான் மாட்டினார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"என்ன பெரிய வித்தியாசம்? அப்படியேதான் இருக்கு. இடது பக்கம் அதே பட்டு."

மெக்கானிக் சிரித்துவிட்டார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆள் என்றுதான் அவளும் நினைத்தாள். அவர் சமாளிப்பதைப் பார்க்க அந்தக் காகிதத்தைப் பார்ப்பதைவிட அசிங்கமாக இருந்தது.

"அத்தான், இப்பவாவது மாத்தி மாட்டிப் பாருங்க."

"சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன்" என்று மாற்றி மாட்டினார். "பாத்தியா, இப்பவும் இடது பக்கம்தான் கொஞ்சம்..."

பாதியில் நிறுத்திவிட்டார். கழற்றினார். மறுபடி மாட்டினார். திரும்பவும் மாற்றினார். அவர் முகத்தில் வந்தது என்னவென்று மற்ற மூவருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. சற்று முன்புவரை வாளியின் மேல் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

"இடது பக்கம் மட்டும் வர்ற மாதிரி வைம்மா" என்றார்.

வைத்தாள். கோர்ட் பதிவு ஒன்று ஓடியது.

"சத்தத்தைக் கூட்டு."

கூட்டினாள். அவர் காத்திருந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக, "இன்னும்" என்றார். அவள் கூட்டினாள். ஒரு சாட்சி தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொல்வது அவர் காதிலிருந்து வழிந்து, கதவருகே நின்ற மாஸ்டர் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவள் அத்தானைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கூட்டும்மா" என்றார் அத்தான்.

அதற்கு மேல் கூட்ட இடமில்லை.